வெற்றிடமும் ஒரு கார்வை

அரியலூரில் டிரெடில் அச்சு இயந்திரம் மிதித்து, கூத்து நோட்டீஸும் கச்சேரி நோட்டீஸும் அடித்தே தலை நரைத்தவன் நான். இப்போது பெரம்பலூர்ப் பிள்ளைகள் சிலர், ராகம் தாளம் எதிலும் அடங்காத ஒலிக் கச்சேரி நடத்துகிறோம், போஸ்டர் பார்த்துச் சொல்லுங்கள் என்று வருகிறார்கள். தாளில் முக்கால்வாசி வெள்ளை. எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியது சில உண்டு.

1. முதலில் நிறைந்த நோட்டீஸைப் படியுங்கள். ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று எல்லாருக்கும் படம், பட்டம், ஊர்ப் பெயர் இருக்கும். பார்த்துச் சிரிக்காதீர்கள். அடுத்த ஊரில் நாடகம் பிடிக்க அந்த ஒரு வரிதான் அவர்களுக்குச் சாட்சி. ஒரு வரி யாருக்காக நிற்கிறது என்று தெரிந்தவன்தான் அதை எடுக்கலாம்.

2. வெள்ளைத் தாள், கறுப்பு மை, நடுவில் ஒரு முகம், கீழே பெயரும் தேதியும். நம் ஊர்ச் சுவரில் இதற்கு ஒரே அர்த்தம்: கண்ணீர் அஞ்சலி. இளவயதில் நானே ஒரு வித்வானுக்கு இப்படி அடித்து ஒட்டினேன். மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் மாலையோடு ஆள் நின்றது. கதவைத் திறந்தவர் அவரேதான். அதன் பிறகு முகம் போட்டால் வண்ணத் தாளில்தான் போடுவேன்.

3. வெற்றிடத்தை அளந்து விடுங்கள். மிருதங்கக்காரர் கார்வை விடும்போது கை நிற்கும், தாளம் நிற்காது. அமெரிக்காவில் 1952-ல் இசையமைப்பாளர் ஜான் கேஜ் எழுதிய '4 நிமிடம் 33 விநாடி' என்ற இசைப் படைப்பு அரங்கேறியபோது, டேவிட் டியூடர் பியானோவில் ஒரு சுரமும் வாசிக்கவில்லை. ஆனால் மூன்று பகுதிகளையும் கடிகாரம் பார்த்துத்தான் முடித்தார். சும்மா இருந்ததற்கும் கணக்கு இருந்தது. உங்கள் தாளில் வெள்ளை எதற்காக இருக்கிறது என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

4. எல்லாவற்றையும் நட்ட நடுவில் வைத்தால் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். பாட்டு எல்லாம் சமத்திலா, தாளத்தின் முதல் தட்டிலேயா எடுக்கிறது? தாளை மூன்று முறை மடியுங்கள். எட்டுப் பங்கு வரும், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை போல. எந்த எண்ணிக்கையில் எழுத்து எடுக்க வேண்டும் என்று பென்சிலால் வைத்துப் பாருங்கள்.

5. சூரிச் நகரத்து டோன்ஹாலே அரங்குக்கு யோசெஃப் முல்லர்-புரோக்மன் 1955-ல் செய்த பேத்தோவன் போஸ்டரைத் தேடிப் பாருங்கள். முகமும் இல்லை, வயலினும் இல்லை. கணக்குப்படி அகலும் கறுப்பு வளைவுகள் மட்டும். அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், வரி இடைவெளியை எடுக்காதீர்கள். ஆங்கில வரிகளை நெருக்கி அடுக்கலாம். நம் 'டீ' மேலே சுழிக்கும், 'சூ' கீழே இறங்கும்; நெருக்கினால் ஒன்றையொன்று இடிக்கும். அந்தக் காலத்தில் வரிக்கு வரி ஈயத் தகடு செருகியது அதற்காகவும்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவும் நமக்கு இல்லை. அழுத்தம் வேண்டுமானால் அளவிலோ கனத்திலோதான் காட்ட வேண்டும்.

6. பழமை தெரிய வேண்டும் என்று 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த 'லை', 'னை' போடாதீர்கள். உங்கள் வயதுக்காரர்களே தடுமாறுவார்கள்.

7. இரண்டு நிறம் போதும். கறுப்பும் சிவப்பும் சேர்த்தால் கட்சிக் கூட்டம் என்று கடந்து போவார்கள்.

8. ஊர் அடையாளம் என்றதும் கங்கைகொண்ட சோழபுரம் விமானத்துக்கு ஓடாதீர்கள். ஸ்வீட் கடை பை வரைக்கும் அது வந்துவிட்டது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பல இடங்கள் ஒரு காலத்தில் கடலடி. அந்தக் கடல் விட்டுப்போன அம்மோனைட் புதைபடிவத்தின் சுருளை ஒரே கோட்டில் வரைந்து பாருங்கள். ஒலி சுழன்று விரிவது போலவே இருக்கும்.

9. எதை எடுத்தாலும் கிழமை, தேதி, மணி, இடம் நான்கையும் எடுக்காதீர்கள். தேதியை விடக் கிழமையைப் பெரிதாகப் போடுங்கள். ஜனங்கள் நினைவில் வைப்பது அதைத்தான். கச்சேரி எத்தனை மணிக்கு முடியும் என்றும் போடுங்கள். கிராமத்திலிருந்து வருபவனுக்குக் கடைசி பஸ் இருக்கிறது.

10. சுவர்க்காரரைக் கேட்காமல் ஒட்டாதீர்கள். கண்ட இடத்தில் ஒட்டுவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. மைதாப் பசையை நீங்களே காய்ச்சுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேருங்கள், அது விஷம், கை கழுவுங்கள். ஒட்டிய பிறகு எதிர்ப் பக்கம் டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். நின்று படித்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவரும் நிற்கவில்லை என்றால், சுவரைக் குறை சொல்லாமல் வீட்டுக்குப் போய் வேறு தாள் எடுங்கள்.