இறக்கிய காரும் உரசும் டயரும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

காரை இறக்கிவிட்டவர்களுக்கு ஸ்பீடு பிரேக்கர் என்றாலே காது தானாகப் பின்பக்கம் போய்விடும். பின் சீட்டில் இரண்டு பேர் இருந்தால் 'சர்ர்க்' என்று ஒரு சத்தம் நிச்சயம். மறுநாள் கடைக்குப் போனால், வண்டியை ஜாக்கியில் ஏற்றும் முன்பே வைத்தியம் தயாராக இருக்கும். ஸ்பேசர் போடலாம், ஸ்பிரிங்கை வெட்டலாம், மட்கார்டைத் தட்டிவிடலாம். டயர் எங்கே உரசுகிறது, எப்போது உரசுகிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

"இறக்கினால் உரசத்தான் செய்யும்"

மற்ற எல்லாத் தவறுகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சக்கரம் மேல்நோக்கி எவ்வளவு தூரம் போகலாம் என்று கடைசியில் தீர்மானிப்பது ஸ்பிரிங் அல்ல, பம்ப் ஸ்டாப். பல கார்களில் ஷாக் அப்சார்பர் தண்டில் கோத்திருக்கும் ரப்பர் அல்லது நுரைக் கட்டை அது. அது முழுக்க நசுங்கியதும் சக்கரத்தின் ஏற்றம் முடிந்தது. கம்பெனி மாட்டித் தந்த டயரும் வீலும் அந்தக் கடைசி எல்லையிலும் எதன்மீதும் படாதபடிதான் வடிவமைக்கப்பட்டிருக்கும். காரை 30 மி.மீ. இறக்கினால் சக்கரம் அந்த எல்லைக்கு 30 மி.மீ. நெருக்கமாக நிற்கும், எல்லை நகராது. எனவே வீலும் டயரும் பழையவையாகவே இருந்து, பம்ப் ஸ்டாப்பிலும் யாரும் கை வைக்கவில்லை என்றால், இறக்கியதால் மட்டும் ஒரு கார் உரசுவது அரிது. முதுகு வலிக்கும், அது வேறு விஷயம்.

பிறகு எப்படி இத்தனை கார்கள் உரசுகின்றன? இறக்கிய கார் பம்ப் ஸ்டாப்பில் அடிக்கடி இடிக்கும். 'தூக்கித் தூக்கிப் போடுது' என்று ஓட்டுபவர் சொன்னதும் கடைக்காரர் அந்தக் கட்டையில் பாதியை நறுக்கிவிடுவார். எல்லை மேலே நகர்ந்துவிட்டது. இதுவரை போகாத உயரத்துக்குச் சக்கரம் போகிறது. லோயரிங் ஸ்பிரிங் செட் சிலவற்றில் குட்டையான பம்ப் ஸ்டாப்பே சேர்ந்து வரும். அது அந்த ஸ்பிரிங்கின் விறைப்பைக் கணக்கிட்டுச் செய்தது, கத்தியால் நறுக்கியதோடு அதைச் சேர்க்க முடியாது. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அலாய் வீல்.

"டயர் சைஸ் சரியாக இருந்தால் போதும்"

டயர் சைஸை ஆளாளுக்குக் கணக்குப் போடுகிறார்கள். 185/65 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ.; 195/55 ஆர்16 போட்டாலும் அதே 621. விட்டம் மாறவில்லை, ஆகவே உரசாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீலின் உட்புறத்தில் பொறித்திருக்கும் ஆஃப்செட் எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும், வீல் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். 6 அங்குல அகலம், 45 ஆஃப்செட் உள்ள வீலைக் கழற்றிவிட்டு 7 அங்குல அகலம், 35 ஆஃப்செட் உள்ளதை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் கூடியதில் பாதி 12.7 மி.மீ., ஆஃப்செட் குறைந்தது 10 மி.மீ. ஆக, வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் நகர்ந்தது வெறும் 2.7 மி.மீ. சக்கரம் மேலே ஏறும்போது முன்பு மட்கார்டுக்குள் நுழைந்த டயர், இப்போது அதன் உதட்டில் நேராகப் போய் வெட்டுப்படுகிறது. இதற்கு மூல காரணம் கார் இறங்கியது அல்ல. இறக்காத காரில் முழுச் சுமையோடு பெரிய பள்ளத்தில் விழும்போது மட்டும் நடந்திருப்பது, இறக்கிய காரில் தினமும் நடக்கிறது, அவ்வளவுதான்.

"ஸ்பேசர் போட்டால் சரியாகிவிடும்"

டயர் உள்பக்கம் ஸ்ட்ரட்டில் உரசினால் சரியாகும். வெளியே மட்கார்டில் உரசினால் மோசமாகும், ஏனென்றால் ஹப்புக்கும் வீலுக்கும் இடையே வைக்கும் 5 மி.மீ. ஸ்பேசர் என்பது ஆஃப்செட்டில் 5 குறைப்பதேதான். ஸ்டட்டும் நட்டும் உள்ள கார்களில், ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நட்டுக்குப் பிடிக்க மரை குறைந்துவிடும். நீளமான ஸ்டட் இல்லாமல் தடித்த ஸ்பேசர் மாட்டித் தரும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

"சத்தம் வரும் இடம்தான் உரசும் இடம்"

உலோகக் கூட்டுக்குள் சத்தம் எங்கிருந்தும் வருவதாகத் தோன்றும், அதனால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது வந்தால் முன் லைனர், பம்பரின் பின் ஓரம், அல்லது உள்பக்கம் ஸ்ட்ரட். நேராகப் போகையில் மேட்டில் வந்தால் மட்கார்டு உதடு. ஊகத்தைச் சோதிக்க மட்கார்டின் உட்புறம் சாக்பீஸைத் தடவி, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தால் அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப் நசுங்கும்வரை ஜாக்கியால் சக்கரத்தை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை என்பதால் கடைகளுக்குப் பிடிக்காது.

"ரெண்டு சுத்து வெட்டினா போதும்"

செலவில்லாமல் இறக்க ஆசைப்படுபவர்களின் வழி. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும் என்பது உண்மைதான். வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்று போனால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் கார் இறங்கும் அளவுக்கு அந்த விறைப்பு ஈடுகொடுப்பதில்லை, அதனால் பம்ப் ஸ்டாப்பில் இடிப்பது நிற்காது. சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தட்டை விட்டு விலகி, திரும்பி உட்காரும்போது கோணலாக உட்காரலாம். கேஸ் கட்டிங் நெருப்பால் சூடாக்கி அமுக்கி இறக்குவது அதைவிடக் கொடுமை: எஃகுக்குப் பதம் போய்விடும், இடது ஒரு உயரம், வலது ஒரு உயரம் என்று நிற்கும்.

"கேம்பர் கொடுத்தால் உள்ளே போய்விடும், ஆனால் டயரைத் தின்னும்"

பாதி சரி. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும்போது உதட்டில் சில மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். உள் ஓரமும் சற்றுச் சீக்கிரம் தேயும். ஆனால் டயரை உண்மையில் அரைத்துத் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். காரை இறக்கும்போதும் கேம்பரை மாற்றும்போதும் டோ தானாக மாறிவிடும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டிவிட்டு, பழியைக் கேம்பர் மேல் போடுகிறோம். பின்பக்கம் டார்ஷன் பீம் உள்ள ஸ்விஃப்ட், பலேனோ போன்ற கார்களில் பின் சக்கரக் கேம்பரைத் திருகி மாற்ற வழியே கிடையாது. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் வைக்க வேண்டும்.

"கொஞ்ச நாளில் தானாகத் தேய்ந்து சரியாகிவிடும்"

பிளாஸ்டிக் லைனரில் லேசாகத் தடவினால் தேய்ந்து நிற்கலாம். லைனர் ஓட்டையானால் அதன் பின்னால் உள்ள வயர்களுக்குச் சேறும் தண்ணீரும். தகட்டில் உரசினால் தேய்வது தகடு அல்ல, டயர். பக்கவாட்டில் வெட்டு விழுந்த டயருக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. டயரை மாற்றுவதுதான் வழி.

"மட்கார்டைச் சுத்தியலால் தட்டிவிடலாம்"

உதட்டை உள்ளே மடக்குவது நல்ல வைத்தியம், செய்முறைதான் முக்கியம். ஹப்பில் பொருத்தும் உருளைக் கருவியால், ஹீட் கன் கொண்டு பெயின்டை இளக்கிக்கொண்டே, பலமுறை சிறிது சிறிதாக மடக்க வேண்டும். குளிர்ந்த பெயின்டில் சுத்தியல் பட்டால் விரிசல் விழும். பின் மட்கார்டு உதடு பல கார்களில் இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்டிங் செய்து சேர்த்தது. அந்தச் சேர்ப்பு திறந்துகொண்டால், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் துரு உள்ளே குடியேறும். மடக்கியபின் சீலன்ட் பூசச் சொல்லிக் கேளுங்கள்.

"ஆர்.சி.யில் உயரம் எழுதவில்லையே, யார் கேட்பது?"

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இருக்கிறது. அதன்படி, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியற்ற மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்ற தண்டனை வந்தது.

"சரி, மறுபடி ஏற்றிவிட்டால் நின்றுவிடும்"

உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில்ஓவர் சஸ்பென்ஷன் உள்ளவர்கள் சலித்துப்போய்ச் செய்வது இது. காலரைத் திருகி 15 மி.மீ. ஏற்றினால் உரசுவது குறையும், எல்லையைத் தொடும் தருணங்கள் குறைவதால். ஆனால் வீல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால், சாமான் ஏற்றிய ஒரு நாளில் அதே சத்தம் வரும். பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் தேவையான தடிமனுக்குப் பேக்கர் வளையம் கோத்தால் எல்லை கீழே இறங்கும். பயணச் சுகம் கொஞ்சம் போகும். அதற்கும் மனமில்லாவிட்டால் மிச்சமிருப்பது கம்பெனி ஆஃப்செட்டுக்கு நெருக்கமான வீலை வாங்குவது. எதைச் செய்தாலும், உயரத்தைத் தொட்டிருந்தால் அலைன்மென்டை மறுபடி பார்த்துவிட வேண்டும்.