தெரிந்த மேடை, தெரியாத ஒரு நொடி: சனிக்கிழமை இரவு டிவி சொல்லித்தரும் பாடம்

சிம்போசியம் வேலை ஆரம்பித்ததும் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் ஒரு மீட்டிங் நடக்கும். நீங்களும் அதில் உட்கார்ந்திருப்பீங்க. போர்டில் "நான்-டெக்னிக்கல் ஈவென்ட்ஸ்" என்று எழுதி அடிக்கோடு போட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "கனெக்‌ஷன் போட்டுரலாம்டா." உடனே முன் வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "எல்லா காலேஜ்லயும் அதான் ஓடுது. புதுசா ஏதாவது பண்ணுவோம்."

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட்டில் இரண்டாவது குரல் ஜெயித்தது. மூணு ரவுண்டு, இருபத்திரண்டு ரூல்ஸ், சொந்தமாக எழுதிய ஸ்கோரிங் சாஃப்ட்வேர் என்று யாரும் பார்த்திராத ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தோம். ரூல்ஸ் சொல்லி முடிக்கவே இருபது நிமிஷம் ஆச்சு. இரண்டாவது ரவுண்டு ஆரம்பிக்கும்போது பாதி ஹால் காலி. போனவர்கள் எங்கே என்று பார்த்தால், பக்கத்து டிபார்ட்மென்ட்டின் கனெக்‌ஷன் ஹாலில் கைதட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த இரண்டாவது குரல் நான்தான்.

எவ்வளவு புதுசு இருக்கணும், எவ்வளவு பழசு இருக்கணும் என்ற இந்தக் கேள்வியில் பல வருஷமாகப் பணமும் தூக்கமும் தொலைத்தவர்கள் பிரிட்டனில் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி தயாரிப்பவர்கள். அங்கே சனிக்கிழமை சாயங்காலம் என்பது பிபிசி ஒன்னுக்கும் ஐடிவிக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் சண்டை. தாத்தா, பேத்தி, வேலைக்குப் போய் வந்த அப்பா எல்லோரும் ஒரே சோபாவில். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும். யாராவது டீ போட எழுந்து போய் வந்தாலும் கதை புரிய வேண்டும். ஏதோ தூர தேசத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யின் மூலம், 1998-ல் ஐடிவியில் வந்த கோடீஸ்வரன் விளையாட்டுதான்.

முதலில் ஒரு பழைய கதை. 1971-ல் பிபிசியில் 'ஜெனரேஷன் கேம்' தொடங்கியது. அதுவே நெதர்லாந்து நிகழ்ச்சி ஒன்றிலிருந்து எடுத்தது. ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறை ஆட்கள் ஜோடியாக வருவார்கள். ஒரு குயவர் வந்து பானை வனைந்து காட்டுவார். இவர்கள் அதே மாதிரி செய்யப் போய்க் களிமண்ணோடு மல்லுக்கட்டுவார்கள். கடைசியில் ஒரு கன்வேயர் பெல்ட்டில் பரிசுப் பொருட்கள் நகர்ந்து போகும். ஞாபகம் வைத்துச் சொன்னதெல்லாம் உங்களுக்கு. நடத்தியவர் புரூஸ் ஃபோர்சைத். வந்ததும் ஒரு வணக்கம் சொல்வார். பாதியை அவர் சொல்ல, மீதியைக் கூட்டம் சேர்ந்து சொல்லும். வாரா வாரம் அதே வரி. சலிக்காதா என்று கேட்டால், அந்த மீதிப் பாதியைச் சொல்வதற்காகவே ஜனம் உட்கார்ந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

1978-ல் ஃபோர்சைத்தை ஐடிவி பக்கம் இழுத்தார்கள். அவர் பெயரிலேயே இரண்டு மணி நேர சனிக்கிழமை நிகழ்ச்சி. பாட்டு, காமெடி, பேட்டி, விளையாட்டு எல்லாம் அதில் உண்டு. பிபிசியோ அதே பழைய ஜெனரேஷன் கேமை லாரி கிரேசன் என்ற வேறொருவர் கையில் கொடுத்தது. ஃபோர்சைத் சுறுசுறுப்பாக எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவார் என்றால், கிரேசன் நேர் எதிர். ஸ்கோரைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளாதவர் மாதிரி தடுமாறுவார். யார் ஜெயித்தது தெரியுமா? கிரேசன். ஃபோர்சைத்தின் பெரிய நிகழ்ச்சி சில மாதங்களில் முடிந்துபோனது. ஆள் மாறினாலும் கன்வேயர் பெல்ட் இருந்தது. இந்தப் பக்கம் ஆள் இருந்தார், ஆனால் எந்த நிமிஷம் என்ன வரும் என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியவில்லை. தெரிந்த முகம் மட்டும் போதாது, தெரிந்த ஒழுங்கும் வேண்டும் என்று நான் இதைப் படிக்கிறேன்.

இப்போது 2004-க்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நான் ரொம்ப நேரம் நிற்கப்போகும் இடம் இதுதான். பிபிசியில் 'கம் டான்சிங்' என்று ஒரு பால்ரூம் நடனப் போட்டி ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஓடி 1998-ல் நின்றிருந்தது. பாட்டிமார் பார்க்கும் நிகழ்ச்சி என்று பெயர் வாங்கிய ஒன்று. அதைத் தூசு தட்டி, 'ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்' என்ற 1992-ஆம் வருஷ ஆஸ்திரேலியப் படத்தின் தலைப்பிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்து முன்னால் ஒட்டி, 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' என்று 2004 மே மாதம் கொண்டுவந்தார்கள். பெயரைப் பாருங்கள், அதிலேயே முழு டிசைனும் இருக்கிறது: பாதி பழைய டிவி, பாதி பழைய சினிமா. நடத்துபவர்களில் ஒருவர் யார்? அதே ஃபோர்சைத், 76 வயதில். நாலு நடுவர்கள், ஆளுக்குப் பத்து மார்க், மொத்தம் நாற்பது. நேரடி இசைக்குழு. எல்லாமே பார்த்த சாமான்தான்.

புதுசு எங்கே? ஒரே இடத்தில். ஆடத் தெரிந்தவர்களின் போட்டியில், ஆடத் தெரியாத ஒரு பிரபலத்தை ஒரு தொழில்முறை நடனக்காரரோடு ஜோடி சேர்த்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. செய்தி வாசிப்பவர் நட்டாஷா கப்லின்ஸ்கிதான் முதல் சீசனில் ஜெயித்தார். தினமும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தி சொல்பவருக்குக் கால் இருக்கிறது, அது இடறவும் செய்யும் என்பதே ஊருக்குச் செய்தி. முன்பு "நல்லா ஆடுறாங்களா?" என்ற கேள்விக்கு நடனம் தெரிந்தவர்தான் பதில் சொல்ல முடியும். இப்போது கேள்வி "போன வாரத்தைவிட தேறியிருக்காரா?" அதற்குப் பத்து வயசுப் பையனும் பதில் சொல்வான், நடுவரோடு சண்டையும் போடுவான். அடுத்த வருஷமே அமெரிக்காவில் 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்' ஆனது. 2006-ல் சோனி டிவியில் 'ஜலக் திக்லா ஜா' என்று இந்தியாவுக்கும் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இதே சட்டகம் ஓடியிருக்கிறது.

லேபில் நமக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த விஷயம் இது. ஒரு நேரத்தில் ஒரு வேரியபிளை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. அப்போதுதான் எது எதனால் மாறியது என்று தெரியும். பார்வையாளருக்கும் அதேதான். மற்றதெல்லாம் அசையாமல் நின்றால்தான் அசைந்த ஒன்று கண்ணில் படும்.

இதை மீறினால் என்ன ஆகும்? 2011 ஏப்ரலில் பிபிசி ஒன் 'டோன்ட் ஸ்கேர் தி ஹேர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. காடு மாதிரி செட், நடுவில் ஒரு பெரிய ரோபோ முயல். அது பயந்துவிடாமல் போட்டியாளர்கள் சத்தமில்லாமல் வேலைகளை முடிக்க வேண்டும். மெக்கட்ரானிக்ஸ் பசங்க ஆசையாகப் பார்த்திருப்பார்கள். மற்ற ஜனம் பார்க்கவில்லை, ஒரே சீசன். (எங்க இருபத்திரண்டு ரூல்ஸுக்கு இந்த முயல்தான் பெரியப்பா.) அதே வருஷம் ஐடிவியில் சைமன் கவல் உருவாக்கிய 'ரெட் ஆர் பிளாக்' வந்தது. இது வேற மாதிரி தப்பு. ஜனத்துக்குப் பிடித்த ஆன்ட், டெக் இருவரும்தான் நடத்தினார்கள். பத்து லட்சம் பவுண்டு பரிசு. ஆனால் விளையாட்டு? சிவப்பா கறுப்பா என்று யூகிப்பது. திறமை இல்லை, தேறுவதும் இல்லை. சோபாவில் இருப்பவர் "நானா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பேன்" என்று கத்த வழியே இல்லை. 2012-ல் இரண்டாவது சீசனோடு நின்றது. எதை வேண்டுமானாலும் மாற்றலாம், பார்ப்பவர் நடுவராகும் உரிமையில் மட்டும் கை வைக்கக் கூடாது போல.

சரி, "இதெல்லாம் காப்பிதானே?" என்று நீங்க கேட்கலாம். மீட்டிங்கில் என்னை உசுப்பியதும் அந்தக் கேள்விதான். சட்டம் இதற்கு ஒரு சுவாரஸ்யமான பதில் வைத்திருக்கிறது. ஹியூகி கிரீன் என்பவர் பிரிட்டனில் 'ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்' என்ற திறமைப் போட்டியைப் பல வருஷம் நடத்தினார். 1970-களில் நியூசிலாந்து ஒளிபரப்புக் கழகம் அதே பெயரில், அதே மாதிரி ஒன்றை அவரைக் கேட்காமல் நடத்தியது. அவர் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1989-ல் தோற்றார். தலைப்பு, வழக்கமாகச் சொல்லும் சில வாக்கியங்கள், கைதட்டலை அளக்கும் ஒரு மீட்டர், இவை மட்டும் சேர்ந்து பதிப்புரிமை பெறும் படைப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: அது சும்மா வேடிக்கைக்கு. ஜெயித்தவரை முடிவு செய்தது நேயர்கள் தபாலில் அனுப்பிய ஓட்டு. இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்கள் மனசு நோக வேண்டாம்.

அப்படியானால் ஐடியாவுக்குக் காசு கொடுத்து வாங்குவது ஏன்? அங்கேதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். விற்பது ஐடியாவை இல்லை, ஒரு தடிமனான கையேட்டை. தொழிலில் அதற்குப் பெயரே 'பைபிள்'. கேமரா எங்கே நிற்கணும், எந்த நொடியில் லைட் மங்கணும், எப்படிப்பட்ட ஆளைத் தேர்ந்தெடுக்கணும், முன்னால் எடுத்தவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கூடவே சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் வருவார். ஒருத்தர் பட்ட அடியை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ஆனாலும் எல்லாம் இவ்வளவு சுமுகமாக நடப்பதில்லை. 'பாப் ஐடல்' உருவாக்கிய சைமன் ஃபுல்லரின் கம்பெனி, அதில் நடுவராக இருந்த கவல் 2004-ல் ஆரம்பித்த 'எக்ஸ் ஃபேக்டர்' தங்களுடையது மாதிரியே இருக்கிறது என்று வழக்குப் போட்டது. 2005-ல் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

ஊர்விட்டு ஊர் போகும்போது சட்டகம் மாறாமல் உள்ளே இருப்பது மாறுவதும் உண்டு. தென்கொரியாவின் எம்பிசியில் 2015-ல் தொடங்கிய முகமூடிப் பாட்டுப் போட்டியில் விஷயமே குரல்தான். முகத்தையும் பெயரையும் மறைத்துவிட்டு, பாட்டை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல் என்பது. (2018-ல் ரயன் ரெனால்ட்ஸ் அங்கே யூனிகார்ன் முகமூடி போட்டுக்கொண்டு பாடினார், தேடிப் பாருங்க.) அது 2019-ல் அமெரிக்கா போய், 2020 ஜனவரியில் ஐடிவியின் சனிக்கிழமை இரவுக்கு வந்தபோது, முகமூடி பிரம்மாண்டமான வேஷமாக ஊதிவிட்டது. குரல் பின்னால் போய், "உள்ளே யார்?" என்ற விடுகதை முன்னால் வந்தது. முதல் சீசனில் எகிப்து அரசர் வேஷத்துக்குள்ளிருந்து வெளியே வந்தவர் முன்னாள் உள்துறை அமைச்சர் ஆலன் ஜான்சன். எனக்குக் கொரிய மூலம்தான் பிடிக்கும். ஆனால் சோபாவில் எல்லோரும் சேர்ந்து கத்த எது வசதி என்றால், விடுகதைதான்.

கடைசியாக மறுபடியும் ஸ்ட்ரிக்ட்லி. 2021 நவம்பர், 19-ஆவது சீசன். ரோஸ் எய்லிங்-எல்லிஸ் காது கேளாத நடிகை. அந்த நிகழ்ச்சியில் அப்படிக் கலந்துகொண்ட முதல் ஆள். ஜோவானி பெர்னிஸோடு ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் இசை நின்றது. சில நொடிகள் எந்தச் சத்தமும் இல்லை. இருவரும் நிற்கவில்லை, தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டே இருந்தார்கள். பிறகு இசை திரும்பி வந்தது. அந்த சீசனை அவரே ஜெயித்தார். மக்கள் ஓட்டில் பாஃப்டாவின் மறக்க முடியாத தருணத்துக்கான விருதும் அடுத்த வருஷம் அதற்கே கிடைத்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. இதையே ஒரு புத்தம் புது நிகழ்ச்சியின் முதல் எபிசோடில் செய்திருந்தால்? "ஆடியோ போச்சு" என்று ரிமோட்டைத் தேடியிருப்போம். இந்த மேடையில் இசை ஒருபோதும் நிற்காது என்று பதினெட்டு சீசன் பார்த்துப் பழகிய ஜனத்துக்குத்தான் அந்த நிசப்தம் கேட்டது. ரோஸ் எய்லிங்-எல்லிஸின் உலகம் எப்படி இருக்கும் என்று சில நொடி உள்ளே போய்ப் பார்த்தார்கள்.

இந்த வருஷ மீட்டிங்கில் "கனெக்‌ஷன் போட்டுரலாம்டா" என்று சொன்னது நான். முன் வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரூல்ஸ் அதேதான், டீமுக்கு ரெண்டு பேர் அதேதான், பஸ்ஸரும் அதேதான். ஸ்கிரீனில் மட்டும் படம் வராது. ஸ்பீக்கரில் சத்தம் வரும். ஹாஸ்டலில் ஜூனியர்களை வைத்து ஒரு ட்ரையல் பார்த்தோம். ரூல்ஸ் சொல்ல நாற்பது நொடி ஆச்சு. முதலில் ஒரு காக்கா கரைந்தது, அடுத்து தோசைக்கல்லில் முட்டை உடைந்து விழும் அந்த "சுர்ர்ர்". ஒரு நொடி அமைதி. அப்புறம் மெஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி நாலு டீமும் ஒன்றாகக் கத்தியது: "காக்கா முட்டை!"