வில்வாலைப் படம் பிடித்து அறிவோம்

மழைக்காலத்தில் நெய்வேலி நகரியத்து வீட்டுத் தோட்டம் ஒன்றில், பூந்தொட்டியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். ஈரமான தடத்தில் கடுகினும் சிறிய வெண்ணிறப் புள்ளிகள் ஊர்வதைக் காணக்கூடும். விரலை அருகில் கொண்டு சென்றால் ஒரு புள்ளி துள்ளி மறையும்! இது யார்?

ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் என்பர். நாம் வில்வால் என்போம். உலகில் 9,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உடையவை. ஆறு கால்கள் உண்டு, சிறகுகள் இல்லை. பூச்சிகளின் உறவினராயினும் இன்று தனி வகுப்பாகவே கருதப்படுகின்றன.

இதன் வயிற்றுக்கடியில் கவை போன்ற உறுப்பு ஒன்று முன்னோக்கி மடிந்து, சிறு கொக்கியில் மாட்டியிருக்கும். கொக்கி விடுபட்டதும் கவை தரையை உந்தும். தரை வில்வாலை மேலே உந்தும். நியூட்டனின் மூன்றாம் விதிதான்!

இவ்வளவு சிறிய உயிரைப் படம் பிடிப்பது எப்படி? குவியத் தொலைவைப் போல் இருமடங்கு தொலைவில் பொருளை வைத்தால், பிம்பம் பொருளின் அளவே இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். 50 மி.மீ. லென்சுக்கும் காமிராவுக்கும் இடையே 50 மி.மீ. இணைப்புக் குழாயைப் பொருத்தினால் இந்த நிலை கிடைக்கும். செல்பேசியானால் அதன் லென்சின் முன்னே ஒரு கைலென்சைப் பிடித்தாலே போதும்.

ஆனால் பிம்பம் பெரிதாகப் பெரிதாக, தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். 36 மி.மீ. அகலப் படத்தில், லென்சின் துளை எண் 8 என்று வைத்தால், சம அளவுப் பிம்பத்தில் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. நான்கு மடங்குப் பிம்பத்திலோ 0.15 மி.மீ. மட்டுமே! ஆகவே உயிரின் உடல் நீளவாக்கில் லென்சுக்கு நேராக இருக்குமாறு, பக்கவாட்டில் படம் எடுங்கள். அளவறிய அருகில் மில்லிமீட்டர் வரைபடத்தாளின் துண்டை வையுங்கள்.

படத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

1. உணர்கொம்பு உண்டா? இல்லையெனில் அது சிற்றுண்ணியாக இருக்கலாம். கால்களை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். வளர்ந்த உண்ணிக்குக் கால்கள் எட்டு. அதன் இளம்பருவத்திலோ ஆறுதான்.

2. உணர்கொம்பில் எத்தனை கணுக்கள்? வில்வாலுக்கு 4 முதல் 6. நூல்போல் நீண்டு, பத்துக்கும் மேல் இருந்தால் அது புத்தகப்பேன் இனமாகலாம்.

3. வயிற்றின் முன்பகுதியில் கீழ்நோக்கி ஒரு சிறு குழாய் தெரிகிறதா? வில்வால்களின் சிறப்பு அடையாளம் இதுவே. கவை சில இனங்களில் இராது.

4. உடல் நீண்டதா, உருண்டையா? இதைக் கொண்டு வில்வால்களுக்குள்ளேயே பெரும்பிரிவைச் சொல்லலாம். இனப்பெயர் சொல்ல, பெரும்பாலும் நுண்ணோக்கியில் உடல் மயிர்களை ஆராய வேண்டும்.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? நெய்வேலியில் 1957 முதல், பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேலே உள்ள மண்ணை அகற்றிக் குவிக்கிறார்கள். ஆழத்திலிருந்து வந்த மண்ணில் மரக்கன்று நட்டால் மட்டும் போதாது. உதிரும் இலை மட்க வேண்டும். பூஞ்சையையும் மட்கும் இலையையும் உண்டு, அவ்வேலைக்கு உதவுபவை வில்வால்கள். கிழக்கு ஜெர்மனியில் இத்தகைய சுரங்கக் குவியல்களில் மண்ணுயிர்கள் குடியேறுவதை ஆராய்ந்து, வொல்ஃப்ராம் டுங்கர் 1968-இல் முடிவுகளை வெளியிட்டார். முதலில் குடியேறுவோர் வரிசையில் வில்வால்களும் உண்டு.

நீங்களும் செய்து பாருங்கள். பழைய தோட்டத்திலிருந்தும், புதிதாக மண் நிரப்பிய பாத்தியிலிருந்தும் ஒரே அளவு மேல்மண்ணை எடுங்கள். தனித்தனி வெள்ளைத் தட்டில் நீரூற்றி அதில் தூவுங்கள். வில்வாலின் மேல்தோலில் நீர் ஒட்டாது, அதனால் மிதக்கும். எண்ணி, படமெடுத்து, தேதியுடன் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். சுரங்கப் பகுதிக்குள் மட்டும் செல்ல வேண்டாம். பாத்தியின் எண்ணிக்கை தோட்டத்தின் எண்ணிக்கையை எட்ட எத்தனை மாதங்களாகும்? உங்கள் குறிப்பேடே விடை சொல்லும்.