மருந்துக் கடையில் எதைக் கேட்டு வாங்கலாம்?

"அண்ணா, இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்து நெய்பவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மருந்துக் கடையிலேயே இப்படிக் கேட்பதுண்டு. கடைக்காரர் அவராகவே மாத்திரை கொடுக்கலாமா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2023 ஜனவரி 1 முதல், குறிப்பிட்ட சிறு உபாதைகளுக்கு மருந்தாளுநரே (பார்மசிஸ்ட்) மருந்து எழுதித் தருகிறார். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ஏழு உபாதைகளுக்கு அவரே பார்த்து மருந்து தருகிறார். நம் நாட்டில் அந்த அதிகாரம் மருந்தாளுநருக்கு இல்லை. டாக்டர் எழுதிய மருந்தைச் சரிபார்த்துக் கொடுப்பதும், எப்படிச் சாப்பிடுவது என்று சொல்வதும்தான் அவர் வேலை.

அட்டையைத் திருப்பிப் பாருங்க

• 'ஆர்எக்ஸ்' குறியோ சிவப்புக் கோடோ இருந்தால் டாக்டர் சீட்டு கட்டாயம். ஆன்டிபயாடிக் மருந்துகள் இதில் அடக்கம்.

• 'ஷெட்யூல் எச்1' மருந்து என்றால், டாக்டர், நோயாளி பெயர்களைக் கடையில் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்த விதி 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

• பாரசிட்டமால், ஓஆர்எஸ் பொடி போன்றவற்றைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

வலி மாத்திரையில் கவனம்

டைக்ளோஃபினாக் சீட்டு தேவைப்படும் மருந்து. இதை டாக்டரைக் கேட்காமல் தினமும் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பிபி, சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இன்றைக்கு வலி அடங்கிவிடும். ஆனால் சிறுநீரகம் கெட்டால் தறியில் உட்காரவே முடியாமல் போகலாம்.

குழந்தைக்கு இருமல் மருந்தா?

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. 5 வயது வரை பொதுவாகவே அவை பரிந்துரைக்கப்படுவதில்லை.

மருந்தாளுநரிடம் இதையெல்லாம் கேளுங்க

• சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?
• ஏற்கெனவே போடும் பிபி, சர்க்கரை மாத்திரையோடு சேருமா?
• இந்தச் சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் இருக்கா? (இருந்தால், காய்ச்சலுக்குத் தனியாகவும் அதைப் போடும்போது அளவு இரட்டிப்பாகிவிடும்.)

காய்ச்சல் 2 நாளுக்கு மேல் நீடித்தாலோ, வலி மாத்திரை தினமும் தேவைப்பட்டாலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். போகலாமா என்று சந்தேகமா? கையில்தான் போன் இருக்கே, 104-க்கு அழைத்துக் கேளுங்க.