திரண்டபின் ஒளிரும் மூலக்கூறுகள்

சில பொருள்களின்மீது புற ஊதாக் கதிர் படும்பொழுது, அவை அக்கதிரை ஏற்றுக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக வெளிவிடுகின்றன. இந்நிகழ்ச்சிக்கு ஒளிர்வு என்று பெயர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸ்டோக்ஸ் 1852-ஆம் ஆண்டில் இதனை முறையாக ஆராய்ந்து விளக்கினார்.

கதிரின் சக்தியை ஏற்ற மூலக்கூறு கிளர்வுற்ற நிலையை எய்துகிறது. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் சில கூறுகளளவே பொதுவாக அந்நிலை நீடிக்கும். அதற்குள் அச்சக்தி வெளியேறியாக வேண்டும். அதற்கு வாயில்கள் இரண்டு: ஒன்று ஒளி, மற்றொன்று உஷ்ணம். எவ்வாயில் அகன்றிருக்கிறதோ அதன் வழியே சக்தியின் பெரும்பகுதி செல்லும்.

பழைய விதி

கரைசல் நீர்த்திருக்கும்பொழுது நன்கு ஒளிரும் கரிமச் சேர்மங்கள் பல, கரைசல் அடர்ந்தாலோ திடமானாலோ மங்கிவிடுகின்றன. ஜெர்மனியில் பர்ஸ்டர், காஸ்பர் என்னும் இருவர் 1954-ல் பைரீன் கரைசலில் இதனை ஆராய்ந்தனர். பைரீன் மூலக்கூறு தட்டையானது. அடர்ந்த கரைசலில் கிளர்வுற்ற மூலக்கூறு ஒன்று, கிளர்வுறாத மற்றொன்றோடு முகத்தோடு முகம் பொருந்தி இணையாகிறது. இதனால் தனி மூலக்கூறுக்கு உரிய ஊதா ஒளி குன்றிவிடுகிறது. இவ்வாறு நெருங்கி அடுக்கப்படும் தட்டை மூலக்கூறுகள் பலவற்றில் சக்தி ஒளியாகாமலே வீணாகிறது. ஆகவே, திரண்டால் ஒளி குன்றும் என்பது ஏறக்குறையப் பொது விதியாகவே கொள்ளப்பட்டது. விதிவிலக்குகள் சில முன்னரே காணப்பட்டிருந்தும், அவை பெருங்கவனம் பெறவில்லை.

ஈரப்புள்ளியும் உலர்ந்த புள்ளியும்

2001-ஆம் ஆண்டில் ஹாங்காங் விஞ்ஞான தொழில் நுணுக்கச் சர்வகலாசாலையில் பேராசிரியர் பென் சோங் டாங் குழுவினர் இதற்கு நேர்மாறான செய்தியை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது சிலோல் என்னும், சிலிக்கன் அடங்கிய வளையச் சேர்மம். அதனைச் சுற்றி ஐந்து பீனைல் வளையங்கள் அமைந்திருந்தன. அதன் கரைசலைச் சோதனைத் தட்டில் புள்ளியாக இட்டபொழுது, ஈரம் உள்ளவரை அப்புள்ளி புற ஊதா விளக்கின்கீழ் ஒளிரவில்லை, உலர்ந்ததும் ஒளிர்ந்தது. சோதனையில் ஏதோ பிழை என்று தட்டை எறிந்துவிடுவது எளிது. அவர்கள் அவ்வாறு செய்யாமல் காரணத்தைத் தேடினர். எத்தனால் கரைசலில் நீரைக் கலந்து மூலக்கூறுகளைத் திரளச் செய்தபொழுது, ஒளிர்வின் திறன் 300 மடங்குக்கு மேல் உயர்ந்தது.

காரணம் யாது?

டெட்ராபீனைல் எதிலீன் என்னும் எளிய சேர்மத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். அதன் நடுவில் இரட்டைப் பிணைப்புடைய இரு கரியணுக்கள் உள்ளன. அவற்றோடு நான்கு பீனைல் வளையங்கள் விசிறி இதழ்களைப் போலச் சாய்ந்து இணைந்துள்ளன. கரைசலில் தனித்திருக்கையில் இவ்வளையங்கள் தடையின்றிச் சுழன்றும் முறுக்கியும் அசைகின்றன. கிளர்வின் சக்தி அவ்வசைவில் செலவாகி உஷ்ணமாகிவிடுகிறது. திடநிலையில் அண்டை மூலக்கூறுகள் நெருக்குவதால் அசைய இடமில்லை. வெட்டவெளியில் நிற்பவன் கைகளை வீசிச் சுழற்றலாம். தேர்த்திருவிழாக் கூட்டத்தின் நடுவில் அது இயலுமா? உஷ்ண வாயில் குறுகவே, சக்தி ஒளியாக வெளிப்படுகிறது.

அவ்வாறாயின் பைரீனைப் போல இதுவும் நெருக்கத்தால் மங்காதது ஏன் என்ற கேள்வி எழும். இதன் வளையங்கள் சாய்ந்திருப்பதால் மூலக்கூறுகள் முகத்தோடு முகம் பொருந்தி அடுக்கப்பட இயலாது. அசைவு தடைப்படுதல், தட்டையாக அடுக்கப்படாமை ஆகிய இரண்டும் சேர்ந்தே ஒளியைக் காக்கின்றன.

இவ்விளக்கத்திற்குச் சான்றுகள் உள. கரைசலைக் குளிர்வித்தாலும், கிளிசரின் சேர்த்துக் குழம்பாக்கினாலும் ஒளி மிகுகிறது. பருத்த அணுத்தொகுதிகளைப் பொருத்தி வளையங்களின் சுழற்சியைத் தடுத்த சிலோல்கள், கரைசலிலேயே ஒளிர்கின்றன. சுழற்சி மட்டுமன்றி, சிறகடிப்பது போன்ற அதிர்வும் தடைப்பட்டால் இவ்விளைவு தோன்றும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பயன்கள்

விளக்குகளிலும் திரைகளிலும் கரிமச் சேர்மங்கள் மெல்லிய திடப்படலமாகவே பயன்படுகின்றன; அங்கே திடநிலையில் மங்காத பொருள் வேண்டும். கைரேகையின் எண்ணெய்ப் பசையில் இம்மூலக்கூறுகள் திரண்டு ஒளிர்வதால், கண்ணுக்குப் புலனாகாத ரேகையையும் காட்ட வல்லவை. கரைசலில் இருளாயிருந்து, தேடும் பொருளோடு சேர்ந்தபின் ஒளிர்வதே இவற்றின் சிறப்பு.

வகுப்பறையில்

பழைய விதியை ஆசிரியர்கள் எளிதில் காட்டலாம். எழுத்தின்மேல் கோடிடும் மஞ்சள் பேனாவின் மையை ஒரு குவளையில் அடர்த்தியாகவும், மற்றொன்றில் நிறைய நீர் கலந்தும் வைத்து, ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கும் புற ஊதா விளக்கால் நோக்கினால், நீர்த்த மை முழுவதும் பிரகாசிப்பது தெரியும். அடர்ந்த மையினுள் கதிர் ஆழமாக ஊடுருவாமையும் அதன் மங்கலுக்கு ஒரு காரணம் என்பதைச் சேர்த்துக் கூறுதல் நலம். விளக்கை எவரும் நேராக நோக்கலாகாது.

பின்னர் உலர்ந்த புள்ளியின் வரலாற்றைச் சொல்லலாம். விதிக்கு மாறாகத் தோன்றுவதை உடனே பிழையென ஒதுக்காமல், மறுமுறை செய்து பார்க்கும் பழக்கமே மாணவர் இப்பாடத்தினின்றும் பெறத்தக்க முதற்பயனாகும்.