பாறை ஏறும் ஆசையா? பர்ஸைத் திறக்கும் முன் ஒரு பாடம்

ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை பக்கத்து இளைஞர்களுக்கு வாரக் கடைசி என்றால் ஏலகிரிதான். பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஏதாவது ஒரு முகாமில் கயிறு கட்டி இருபது நிமிஷம் பாறை ஏறிப் பார்க்கிறார்கள். இறங்கும்போது கை நடுங்கும், முகத்தில் சிரிப்பு நிற்காது. அன்றைக்கு ராத்திரியே போனில் தேட ஆரம்பித்துவிடுவார்கள்: "பாறை ஏறும் கிட் விலை என்ன?"

போன் இரண்டு விதமான பதில் தரும். ஒரு பக்கம் சில நூறு ரூபாய்க்குக் கயிறு, அஞ்சு கொக்கி ஒரே பாக்கெட்டில், ஆயிரத்துக்கும் கீழே இடுப்புப் பட்டை. மொத்தமே ரெண்டாயிரத்தில் முடிந்துவிடும் போலத் தெரியும். இன்னொரு பக்கம் விளையாட்டுச் சாமான் கடையின் பட்டியல். அதில் எல்லாவற்றையும் கூட்டினால் ஐம்பதாயிரம் கூடத் தாண்டும். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இதைப் பார்த்தால் ஒன்று மலிவானதை வாங்குவார், இல்லையென்றால் ஆசையையே விட்டுவிடுவார். இரண்டுமே தேவையில்லை. புதிதாக ஏறுபவர் முதல் வருஷத்தில் வாங்க வேண்டியவை மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

யார் எதைக் கொண்டு வருவது?

தொடக்கத்தில் எல்லோரும் ஏறுவது ஒரே முறையில்தான். கயிறு பாறையின் உச்சியில் உள்ள பிடிமானத்தின் வழியாகப் போய்த் திரும்பிக் கீழே வரும். ஒரு முனை ஏறுபவர் இடுப்பில். மறுமுனையைக் கீழே ஒருவர் பிடிகருவி வைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார். கால் வழுக்கினாலும் ஓரிரு அடிக்கு மேல் விழ மாட்டோம். இதில் கயிறு, மேலே கட்டும் பட்டைகள், கொக்கிகள் எல்லாம் பயிற்சியாளருடையவை. அவற்றைக் கட்டத் தெரியாதவர் வாங்கி வைத்தும் பயனில்லை. பயன்படுத்தினால் ஆபத்து.

உங்களுக்கென்று வேண்டியவை இவை: ஏறும் ஷூ ரூ.4,000 முதல் 7,000 வரை, ஹார்னஸ் என்கிற இடுப்பு-தொடைப் பட்டை ரூ.3,000 முதல் 5,000 வரை, ஹெல்மெட் ரூ.3,000 முதல் 4,500 வரை. கொஞ்சம் பழகிய பிறகு, பூட்டு உள்ள ஒரு கொக்கியும் பிடிகருவியும் சேர்த்து ரூ.2,000 முதல் 3,500 வரை. கை வியர்வைக்குச் சாக் பொடியும் பையும் ஆயிரம் ரூபாய் அளவில். எல்லாம் தோராய விலைதான், கடைக்குக் கடை, பிராண்டுக்கு பிராண்ட் மாறும். கூட்டிப் பார்த்தால் பதிமூன்றாயிரத்திலிருந்து இருபத்தோராயிரம் வரை வரும். கயிறு, ஒரு டஜன் இணைப்புக் கொக்கிகள், பட்டைகள் எல்லாம் சேர்ந்தால் மேலும் இருபத்தைந்திலிருந்து நாற்பதாயிரம் ஆகும். அதை இப்போது நினைக்கவே வேண்டாம்.

இந்தப் பதிமூன்றாயிரத்தையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை. முதல் நாலைந்து தடவை முகாமிலேயே தரும் ஹார்னஸ், ஹெல்மெட்டில் ஏறுங்க. ஆசை நிலைக்கிறதா என்று தெரிந்த பிறகு முதலில் ஷூ, அடுத்து ஹெல்மெட், அப்புறம் ஹார்னஸ். மூன்று மாதச் சம்பளத்தில் பிரித்து வாங்கினால் போதும்.

கருவி வாங்காமலே கற்றுக்கொள்ள

கல்லூரியில் படிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய இடம் என்சிசி. தேசிய மாணவர் படை குவாலியரிலும், கேரளத்தில் நெய்யாறு அணைப் பகுதியிலும் பாறையேற்ற முகாம்கள் நடத்துகிறது. நமக்கு நெய்யாறு கிட்டே. உங்கள் கல்லூரியில் பிரிவு இருந்தால், பொறுப்பு அதிகாரியிடம் அடுத்த முகாமுக்கு எப்படிப் பெயர் கொடுப்பது என்று கேளுங்க. கருவி அவர்களுடையது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூரு. அங்கே கர்நாடக அரசின் ஜெனரல் திம்மய்யா தேசிய சாகச அகாடமி பாறையேற்றப் பயிற்சி தருகிறது. பெங்களூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் உள்ள ராமநகரப் பாறைகள் நாட்டின் பழைய ஏறுதளங்களில் ஒன்று. 'ஷோலே' படம் எடுத்த பாறைகள் என்று சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்கும் புரியும். அங்கே ராமதேவர பெட்டா கழுகுகள் சரணாலயம், எனவே அந்தக் குன்றில் இஷ்டத்துக்கு ஏற முடியாது. பெரிய மலைகள் மேல் ஆசை உள்ளவர்களுக்கு டார்ஜிலிங்கில் 1954-லும் உத்தரகாசியில் 1965-லும் தொடங்கிய மத்திய அரசுப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய நான்கு வார அடிப்படைப் பயிற்சியில் தொடக்க நாட்கள் பாறையிலேயே கழியும். முக்கியக் கருவிகளை நிறுவனமே தரும்.

நம்ம ஊர்ப் பாறை என்று நினைத்து எங்கேயும் ஏறிவிட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு, அதே ஆண்டில் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் ஏலகிரி சுவாமிமலை போன்ற நடைப்பாதைகளுக்கு முன்பதிவு செய்யலாம். ஆனால் அது நடைக்கான அனுமதி, கயிறு கட்டிப் பாறை ஏற அது செல்லாது. பழைய கோட்டைச் சுவர்களில் ஏறிப் பழகுவது கூடவே கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்.

ஷூ விஷயத்தில் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், ஆனாலும்...

தோல் பதனிடும் ஊரில் ஷூ பற்றிப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் ஏறும் ஷூ வேறு ஜாதி. அதில் குதிகாலுக்கு மெத்தை இல்லை, நடப்பதற்கான வசதி இல்லை. விரல் நுனியால் ஒரு சின்ன விளிம்பில் நிற்பது ஒன்றே அதன் வேலை. அதனால் கால் விரல்கள் முன்பக்கத்தைத் தொட வேண்டும், வலிக்கக் கூடாது. சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பாருங்க.

மேல்பாகம் உள்துணி வைக்காத தோல் என்றால், போடப் போட ஏறத்தாழ ஒரு சைஸ் விரியும். கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவருக்கு ஏன் என்று தெரியும். செயற்கைத் துணியில் செய்தது அவ்வளவு விரியாது. தோல் ஷூவைக் கொஞ்சம் இறுக்கமாகவும், செயற்கை ஷூவை அளவாகவும் வாங்க வேண்டும். நுனி கீழே வளைந்த மாடல் பார்க்க அழகாக இருக்கும், அனுபவசாலிகளுக்கானது. புதியவருக்குத் தட்டையான அடி, கனமான ரப்பர் இருந்தால் போதும். கடையில் போட்டுப் பார்க்க முடியாமல் ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், சைஸ் மாற்றித் தருவார்களா என்பதை முதலில் படியுங்க.

அடி ரப்பர் தேய்ந்தால் ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம், அடி மாற்றலாம். ஆனால் முனையைச் சுற்றியுள்ள பட்டை ஓட்டையாகும் முன்பே மாற்ற வேண்டும். சாதாரணச் சோல் ரப்பரை ஒட்டினால் பாறையில் வழுக்கும். ஒட்டுவது நம்ம ஊர் கைவேலைக்காரர்களாகவே இருக்கலாம், ரப்பர் மட்டும் ஏறும் ஷூவுக்கான ரப்பராக இருக்க வேண்டும். பழைய ஷூ வாங்குவதிலும் தப்பில்லை. உயிர் அதைத் தொங்கிக்கொண்டு இல்லை.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கே, போதாதா?

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். தொழிற்சாலையில், கட்டடத்தில் உயரத்தில் வேலை செய்பவர்கள் போடும் முழு உடல் ஹார்னஸுக்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 3521. தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 2925. பைக் ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151. முத்திரை உண்மையா என்று போனிலேயே பார்க்கலாம்: 'பிஐஎஸ் கேர்' செயலியில், முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளர் பெயரும் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதும் வரும்.

முத்திரை உண்மையாகவே இருக்கட்டும். அது வேறு வேலைக்குக் கொடுத்த முத்திரை. வேலைத்தல ஹார்னஸில் விழுகையைத் தாங்கும் வளையம் முதுகில் இருக்கும். பாறை ஏறுபவருக்குக் கயிறு முன்பக்கம் இடுப்பில் கட்ட வேண்டும். வெறும் இடுப்பு பெல்ட்டில் தொங்கினால் மூச்சு விடவே சிரமம். பைக் ஹெல்மெட் போட்டால் மேலே நிமிர்ந்து பார்க்க முடியாது, கீழே இருப்பவர் கத்துவதும் காதில் விழாது. பாறை ஏறும் ஹெல்மெட் மேலிருந்து கல் விழுவதை நினைத்துச் சோதிக்கப்படுவது.

நம்ம கடைகளில் கிடைக்கும் நல்ல ஏறும் கருவிகளில் பெரும்பாலும் ஐரோப்பியத் தரக் குறி இருக்கும். சிஇ என்ற எழுத்துகள், பக்கத்தில் நான்கு இலக்க எண், பிறகு தர எண்: ஹார்னஸுக்கு இஎன் 12277, ஹெல்மெட்டுக்கு இஎன் 12492, கொக்கிக்கு இஎன் 12275, இழுபடும் கயிற்றுக்கு இஎன் 892. கொக்கியின் முதுகிலேயே அது தாங்கும் விசை பொறித்திருக்கும். நீளவாக்கில் குறைந்தது 20 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய ரெண்டு டன் எடை. குறுக்குவாக்கில் 7 மட்டுமே. அதனால்தான் கொக்கி திரும்பாமல் பார்க்கச் சொல்கிறார்கள். எண்ணே இல்லாத கலர் கொக்கி சாவி மாட்டத்தான்.

எழுத்து அச்சடிப்பது யாருக்கும் சுலபம். ஆகவே தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், உள்ளே பயன்பாட்டுக் குறிப்பேடு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்க. 1932-இல் தொடங்கிய சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏ, தான் சான்று கொடுத்த கருவிகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. மாடல் பெயரைத் தட்டிப் பார்க்கக் காசு இல்லை.

கயிறு: பின்னாளில், புதிதாக மட்டும்

கயிற்றில் இரண்டு வகை. இழுபடும் கயிறு விழும் வேகத்தை உள்வாங்கும். ஒற்றைக் கயிறு என்ற வகைக்கு 80 கிலோ எடையைக் குறைந்தது ஐந்து தடவை விழவிட்டுச் சோதிக்கிறார்கள். முதல் விழுகையில் உடம்புக்கு வரும் விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. இழுபடாத கயிறு இறங்கவும், பொருள் தூக்கவும். பயிற்சியாளர்கள் மேலிருந்து பிடிக்கும் ஏற்றத்துக்கு அதையும் கட்டுவது உண்டு, அது தெரிந்தவர் செய்வது. அதைக் கட்டிக்கொண்டு பல அடி விழுந்தால் கயிறு அறாமலே முதுகெலும்பு போய்விடும்.

கயிறு, ஹார்னஸ், பட்டை மூன்றையும் பழையதாக வாங்காதீங்க. நண்பர் இலவசமாகக் கொடுத்தாலும் அதன் வரலாறு தெரியாது. வெயிலில் கிடந்ததா, எத்தனை தடவை விழுந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் துணிக் கருவிகளுக்குப் பத்து ஆண்டுதான் உச்ச ஆயுள் என்று பல தயாரிப்பாளர்கள் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்.

நம்ம பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை. ஏறும் கயிறும் பட்டையும் பெரும்பாலும் நைலான். நைலானுக்கு அமிலம் ஆகாது. குரோம் முறையில் தோல் பதனிடும்போது உப்போடு கந்தக அமிலம் சேர்ப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. பதனிடும் இடத்தின் குடோனில், வேலைக்குப் போட்டுப் போகும் பையில், வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்தில் இந்தச் சாமான்களை வைக்காதீங்க. அமிலம் பட்ட இடம் பார்க்க நல்லாவே இருக்கும், பாரம் ஏறும்போதுதான் அறும். இருட்டான, காய்ந்த அலமாரி போதும்.

ஆன்லைனில் வாங்கினால் உங்கள் உரிமை

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி, விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதைப் பக்கத்தில் காட்ட வேண்டும். இவை இல்லாத இடத்தில் உயிர் தொங்கும் பொருளை வாங்க வேண்டாம். பொருள் குறைபாடாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. பார்சலைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்க. தர எண் உள்ள லேபிளை அதில் கிட்டக் காட்டுங்க.

பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீதுத் தாளின் எழுத்து அதற்குள் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வரிசை எண் தெரியும் லேபிள் படத்தோடு ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுங்க.