பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஆண்டு

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியையும் தாண்டி, அனுமதிக் கடிதம் கைக்குக் கிடைத்துவிட்டால் வீட்டிலே பெரியதொரு பாரம் இறங்கினாற் போலிருக்கும். "பிள்ளை கம்பஸுக்கு எடுபட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று பெற்றார் அயலாருக்குச் சொல்வர். பிள்ளையும் அவ்வாறே எண்ணிவிடுவதிற்றான் ஆபத்து இருக்கின்றது.

1974 இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமும், 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமும் அந்நிலையை எய்தின. இதனால் தோட்டக்காரர் வீட்டிலிருந்தும், கடற்றொழிலாளர் வீட்டிலிருந்தும் பிள்ளைகள் பட்டப்படிப்புக்குச் செல்கின்றனர். இவர்களுட் பலருடைய குடும்பத்தில் முன்னர் எவரும் பல்கலைக்கழகம் சென்றதில்லை. அங்கே படிப்பு எப்படி நடக்கிறது, எங்கே சறுக்கும் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். பாடங்கள் இன்று கிரெடிட் என்னும் அலகினால் அளக்கப்படுகின்றன. ஓராண்டுக்கு 30 கிரெடிட். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட்டுக்கு மாணவன் செலவிட வேண்டியதாக எதிர்பார்க்கப்படுவது 50 மணித்தியாலம். இதில் விரிவுரை மண்டபத்திற் கழிவது 15 மணித்தியாலம் மாத்திரமே. மிகுதி 35 மணித்தியாலமும் நூலகத்திலும் விடுதி அறையிலும் அவனே தேடிப் படிக்க வேண்டியது. அரையாண்டுக்கு 15 கிரெடிட் என்றால் 750 மணித்தியாலம். அதைப் பதினைந்து வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 50. ரியூட்டரியில் ஆசிரியர் தந்த 'நோட்ஸ்' முழுவதையும் மனனஞ் செய்து வந்த பிள்ளைக்கு இது புரிவதில்லை. நேரசூசியில் வெற்றிடமாகத் தெரியும் பிற்பகலை ஓய்வுநேரம் என்று எண்ணிவிடுகிறது. உண்மையில் அந்த வெற்றிடமே படிப்பின் பெரும்பகுதி.

முதலாம் ஆண்டில் இன்னுமொரு தடை ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழிற் படித்தவர் விஞ்ஞான, மருத்துவ, பொறியியற் பீடங்களில் ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் இறங்க நேர்கிறது. பாடம் விளங்காமலில்லை, சொல்தான் விளங்கவில்லை. பொது ஆங்கில வகுப்பு மட்டும் இதற்குப் போதாது. தத்தம் பாடத்தின் கலைச்சொற்களுக்கெனத் தனிக் கொப்பி வைத்து, அன்றைய விரிவுரையில் வந்த புதுச் சொற்களை அன்றிரவே எழுதிப் பொருள் காண்பவர் ஓர் அரையாண்டுக்குள் தலைநிமிர்ந்துவிடுவர். சிரேஷ்ட மாணவர் நடத்தும் 'குப்பி' வகுப்புகளும் நல்லுதவியே. ஆனால் பரீட்சைக்கு முதல்நாட் குப்பியை மட்டும் நம்பியிருப்பது வேறு விஷயம். பகிடிவதையைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதற்கு அஞ்சி விரிவுரைக்குப் போகாது ஒளிந்திருக்கும் பிள்ளை, பெற்றாருக்கோ மாணவ ஆலோசகருக்கோ வாய் திறந்து சொல்லவேண்டும். பொதுவாக 80 வீத வரவு இல்லாதவருக்குப் பரீட்சை மண்டபக் கதவு திறவாது.

"முதலாம் ஆண்டுதானே, பிறகு பிடிக்கலாம்" என்பது வளாகங்களிற் பழகிப்போன பேச்சு. பிடிக்கலாமா என்று கணக்கிட்டே பார்ப்போம். 'ஏ' என்றால் 4 புள்ளி, 'பி' 3, 'சி' 2. பொதுவாக இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்குச் சராசரி 3.00, மேற்பிரிவுக்கு 3.30, முதலாம் வகுப்புக்கு 3.70 வேண்டும். நான்காண்டுப் பட்டத்தில் முதலாம் ஆண்டு 2.50 எடுத்தவர் 3.00 க்கு வரவேண்டுமாயின் மிகுதி மூன்றாண்டும் சராசரி 3.17 எடுத்தாற் போதும், இயலக்கூடியதே. இரண்டாம் ஆண்டிலும் 2.50 என்றால் மிகுதி இரண்டாண்டும் 3.50 வேண்டும், அது கடினம். மூன்றாம் ஆண்டும் அவ்வாறே கழிந்தால் இறுதியாண்டில் 4.50 எடுக்கவேண்டும். அப்படியொரு புள்ளியே கிடையாது! சில பீடங்களில் முதலாம் ஆண்டுப் புள்ளி இறுதிக் கணக்கிற் சேராது. ஆயினும் எந்தப் பாடத்தைச் சிறப்பாகப் பயிலலாம் என்ற தெரிவுக்கு அதுவே அளவுகோலாகிவிடுவதுண்டு. ஆகவே பீடக் கைநூலை முதல் வாரத்திலேயே வாசித்தல் நன்று. அதை இறுதியாண்டில் முதன்முறையாகத் திறப்போர் எத்தனை பேர்!

இரண்டாம் ஆண்டிற் புதுமை தீர்ந்துவிடும். சங்கங்கள், விளையாட்டு, கலைவிழா என்று பொறுப்புகள் வந்து சேரும். அவை வேண்டாமென்று சொல்லமாட்டோம். விட்ட பாடத்தை விட்டபடி வைத்திருப்பதுதான் வேண்டாதது. 'றிப்பீற்' எழுதும் பாடத்துக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் 'சி' க்கு மேல் தரமாட்டார்கள். அத்துடன் அந்தப் பரீட்சை அவ்வாண்டுப் புதிய பாடங்களோடு வந்து மோதும். சுகயீனத்தால் எழுதாமல் விட்டவர் நிலை வேறு. மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் ஒப்படைத்து அது ஏற்கப்பட்டால் பொதுவாக அடுத்த பரீட்சை முதற்றடவையாகவே கணிக்கப்படும். காய்ச்சலோடு படுத்திருந்த பிள்ளை சான்றிதழைப் பத்து நாட் பிந்திக் கொடுத்து, நல்ல பெறுபேற்றை இழப்பது மிகவும் பரிதாபம்.

மூன்றாம் ஆண்டைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அதுவரை ஒழுங்காக வந்தவர் பழக்கத்தினாலேயே நடந்துவிடுவர். நான்காம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரைக்கோ விரிவுரை நேரமும் இல்லை, மணியடிப்பாரும் இல்லை. மேற்பார்வையாளரை வாரமொருமுறை, எழுதியது இரண்டு பக்கமாயினும், கையிற் கொண்டுபோய்ச் சந்திப்பவர் தப்பித்துக்கொள்வர். "முழுவதும் முடிந்ததும் காட்டலாம்" என்றிருப்பவருக்கு அந்த நாள் வருவதேயில்லை.

பெற்றார் விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் "சோதினை எப்படி?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்ற விடையே கிடைக்கும். "எந்தப் பாடம் இன்னும் மிச்சம் கிடக்குது?" என்று கோபமில்லாமற் கேட்டுப் பாருங்கள். வீட்டார் மனம் நோகுமென்று மறைத்து வைத்த றிப்பீற் ஒன்று அப்போது வெளிவரலாம். அது இரண்டாம் ஆண்டிலேயே வந்தால், எழுதி முடிக்க இன்னும் இரண்டாண்டு இருக்கின்றது.